காலுக்கும் வண்டிக்கும் நடுவில்

மாமா ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வண்டி போகவில்லை. பிடோக்கிலிருந்து விரைவுச்சாலையில் சேரும் வளைவின் கடைசியில் இருந்தோம். வலப்பக்கம் கொள்கலன் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஓர் இடைவெளி தெரிந்ததும் மாமா காலை நன்றாக ஊன்றினார். தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல இன்ஜின் ஒருமுறை கமறியது. அவ்வளவுதான். உருண்டுகொண்டிருந்த வேகத்திலேயே வண்டி உருண்டது. பின்னால் வந்த லாரியின் ஹார்ன் கண்ணாடியை அதிரவைத்தது. அதற்குப் பிறகுதான், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல, வண்டி துள்ளி முன்னால் பாய்ந்தது.

கதவுக்கு மேலிருந்த பிடியை எப்போது பற்றினேன் என்றே தெரியவில்லை. மாமா பயந்துபோயிருப்பார், ஓரமாக நிறுத்தித் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா? நீயும் பாத்தல்ல?" என்றார்.

"பாத்தேன் மாமா."

"என் கால் அழுத்தித்தான இருந்துச்சு?"

"அழுத்தித்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. ஒரு லாரி எங்களை நசுக்கியிருக்கவேண்டிய இடத்தில் ஒரு மனிதர் இப்படிச் சிரிக்கிறாரே என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் என்னோடு இருந்தது.

மாமா என்று நான் சொல்வது என் கணவராக இருந்தவரின் அப்பாவை. விவாகரத்துக்குப் பிறகு அந்த உறவுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமும் அல்ல. வேறு சொல் கிடைக்காததால் மாமா என்றே இருந்தது, அதுவும் எப்போதாவது. தீபாவளிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். அத்தையின் திதி வரும் மாதத்தில் ஒன்று. அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவார். அவருடைய மகன் வேலை கிடைத்துப் பெர்த்துக்குப் போய்விட்டிருந்தார். போவதற்கு முன்பே எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. பிள்ளைகளும் இல்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்காததால், பிரிந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை. நான் பொங்கோலில் சின்ன வீடொன்றுக்கு வந்தேன். மாமா ஃபேரர் பார்க்கில், அத்தையோடு பல காலம் இருந்த அதே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. நடுவில் மாறி ஏறக்கூட வேண்டாம். ஆனாலும் நான் போனதில்லை. என்னவென்று சொல்லிக்கொண்டு போவது?

போகவைத்தது அவருடைய மகனின் குறுஞ்செய்திதான். நெடுநாளைக்குப் பிறகு வந்தது. அப்பா வண்டி ஓட்டுவது பயமாக இருக்கிறது, ஒரு சந்திப்பில் விபத்தாகப் பார்த்ததாம், வண்டி தாமதமாகப் போகிறது என்று வண்டிமேல் பழி போடுகிறார், உண்மையில் அவர் கால்தான் தாமதமாக அழுத்துகிறது, நீ சொன்னால் கேட்பார், வண்டியை விற்றுவிடச் சொல். இப்படி இருந்தது. நான் சொன்னால் அவர் கேட்பார் என்று எதை வைத்துச் சொன்னாரோ தெரியாது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்று பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறிப் போனேன்.

மாமா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு, "வாம்மா, கோப்பி போடவா?" என்றார். வீடு சுத்தமாக இருந்தது. சாப்பாட்டு மேசையின் நாலு நாற்காலிகளில் மூன்றின்மேல் மடித்த துணிகள் இருந்தன. எனக்காக ஒன்றைக் காலிசெய்தார்.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும், முட்டித் தள்ளியும் துறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்னப் படகு. வாழ்க்கை முழுக்க அந்த இன்ஜின் இரைச்சலிலேயே இருந்தும் சத்தமாகப் பேசும் பழக்கமும் இல்லை, அதிகம் பேசும் பழக்கமும் இல்லை. நான் அந்தக் குடும்பத்தில் இருந்த காலத்தில் என்னோடு அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குத்தான் காணும். அன்றைக்கு வண்டியைப் பற்றிக் கேட்டதும் பேச ஆரம்பித்தார்.

"படகுலயும் லேட்டாத்தான்மா கேக்கும். நீ திருப்பினா அது உடனே திரும்பாது. ஆனா எப்பவும் ஒரே லேட்டு. அத நம்பி ஓட்டலாம். இது அப்படி இல்ல. காலையில நல்லாப் போகுது. கொஞ்சம் ஓடி சூடானப்புறம், மெதுவா உருண்டு வந்து டக்குன்னு அழுத்துனா, சில நேரம் கேக்கவே மாட்டேங்குது."

வண்டியை வாங்கிய நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் பதிவாகவில்லை என்றார்களாம். அங்கே இருந்த இளைஞர் ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். இப்போது வரும் வண்டிகளில் ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. நாம் மிதிப்பது ஒரு தகவலாகக் கணினிக்குப் போகிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான்.

"அப்ப நான் மிதிக்கிறது உத்தரவு இல்ல. சும்மா கேக்குறேன், அவ்வளவுதான்" என்றார் மாமா. வேடிக்கையாகச் சொல்லவில்லை. அது அவரை உண்மையாகவே உறுத்தியிருந்தது.

பேசப் பேச விஷயம் வேறு என்று புரிந்தது. சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது வண்டி நடுச்சாலையில் தயங்கியிருக்கிறது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் சறுக்கி நிறுத்தி, தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி இவரைப் பார்த்திருக்கிறார். திட்டவில்லை. வயதானவர் என்று கண்டுகொண்டதும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விட்டார். "திட்டியிருந்தா பரவால்லம்மா" என்றார் மாமா. அன்றிரவு மகனிடம் சொன்னபோது மகன், கால்தான் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மாமாவுக்குத் தன் கால்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு. "ஒரு ரவுண்டு போய்ப் பாப்போமா மாமா? நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் தெரியவில்லை. சிராங்கூன் சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்தோம். பொங்கோல் வரை போய், கடலோரம் நிறுத்தி, திரும்பினோம். வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய காலை அப்படிக் கண்காணிப்பது சங்கடமான காரியம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. பேன்ட்டின் நுனியைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டினார், எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

மூன்றாவதாகப் போன ஞாயிறு, சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கார் நிறுத்துமிடத்துக்கு ஏறினேன். மாமா ஏற்கெனவே வண்டியில் இருந்தார். இன்ஜின் ஓடவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. தலையைக் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மிதிக்கும்போது உதடு ஏதோ சொன்னது. இப்போது என்று தனக்குத்தானே சொல்லி, அந்தச் சொல்லுக்கும் காலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் போலும். தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். திரும்பிக் கீழே இறங்கி, கோப்பிக் கடையில் பால் ஊற்றாத தே ஓ ஒன்று வாங்கி, முழுதும் குடித்துவிட்டு, சரியான நேரத்துக்கு மேலே போனேன். "இப்பத்தான் வந்தியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றுதான் பிடோக்கில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், விரைவுச்சாலைக்கு ஏறும் அந்த வளைவில், வண்டி எங்கள் இருவருக்கும் முன்னால் தன்னைக் காட்டிக்கொண்டது. சிறிது தூரம் போய் வண்டியை நிறுத்தி, இடம் மாறி, நான் ஓட்டினேன். ஃபேரர் பார்க் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில், மெதுவாக உருண்டு வந்து அழுத்தியபோது எனக்கும் அதே கமறல், அதே தயக்கம், அதே துள்ளல். மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் காலுக்கும் வயசாயிடுச்சும்மா" என்றார்.

அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் காக்கி புக்கிட்டில் சிறிய பட்டறை ஒன்றைச் சொன்னார். ஜொகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் கடந்து வரும் தமிழர் ஒருவர் தனியாக நடத்துவது. ஞாயிறும் மத்தியானம் வரை திறந்திருக்கும். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார், அவருக்கும் பிடிபடவில்லை. ஆக்சிலரேட்டர் மிதியின் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் உணரியை முதலில் மாற்றினார். பிறகு, காற்றை உள்ளே விடும் வால்வில் கரி படிந்திருக்கிறது என்று கழற்றிச் சுத்தம் செய்தார். இரண்டு தடவையும் சில நாளில் கோளாறு திரும்பிவிட்டது. "எனக்கும் தெரியல அங்கிள். சும்மா மாத்திக்கிட்டே இருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

நாங்கள் அங்கே முதன்முதலாகப் போனபோது அவர் என்னைக் காட்டி, "மகளா அங்கிள்?" என்று கேட்டார்.

மாமா சாவியை அவர் கையில் கொடுத்தார். "மருமக" என்றார்.

திரும்பி வரும்போது ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "பட்டறைக்காரன்கிட்ட உன்ன மருமகள்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா."

"இல்ல மாமா."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியல மாமா."

விளக்குப் பச்சையானது. வண்டி அன்று தயங்காமல் போனது. மிச்ச வழி முழுக்க நாங்கள் பேசவில்லை. ஆனால் அது கனமான மௌனம் இல்லை. நான் பொங்கோல் வீட்டில் தனியாக இருக்கும்போது இருக்கும் மௌனம் வேறு, அதில் குளிர்பதனப் பெட்டியின் சத்தம்கூடக் கேட்கும். இங்கே இருவர் சேர்ந்து பேசாமல் இருந்தோம்.

மூன்றாம் முறை பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் சலித்துப்போயிருந்தார். வண்டியின் முன்மூடியைத் திறந்துவைத்து, இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தார். பிறகு மாமாவிடம், "அங்கிள், நீங்க உள்ள உக்காருங்க. பிரேக்க நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கியர போட்டு, லேசா ஆக்சிலரேட்டர் குடுங்க. லேசா லா. வண்டி நகரக் கூடாது" என்றார். என்னை வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, கைப்பேசி விளக்கைப் பிடிக்கச் சொன்னார். அவர் எதிர்ப்பக்கம் குனிந்தார்.

மாமா கொடுத்தார். இன்ஜின் மொத்தமும் ஒருபக்கம் சாய்ந்தது. ஓடும் இன்ஜின் அப்படி அசையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமா காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி சாய்ந்தது. என் கையிலிருந்த வெளிச்சம் தற்செயலாகக் கீழே ஒரு கறுப்பு ரப்பர் குழாயில் விழுந்திருந்தது. துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருந்த குழாய். இன்ஜின் சாயும்போது அதன் அடிப்பக்கத்து மடிப்பு ஒன்று பிளந்து, உதடு திறப்பதுபோலத் திறந்து, மூடிக்கொண்டது.

"அங்க ஏதோ வாய் தொறக்குது" என்றேன். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மெக்கானிக் என் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "அங்கிள், இன்னொரு தடவ குடுங்க." மாமா கொடுத்தார். மெக்கானிக் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். வெளிக்காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. எவ்வளவு காற்று போகிறது என்று குழாயின் தொடக்கத்தில் ஓர் உணரி அளந்து சொல்ல, அந்தக் கணக்குக்கு ஏற்பக் கணினி பெட்ரோலைக் கொடுக்கிறது. உணரியைத் தாண்டிய இடத்தில் குழாய் வெடித்திருந்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பரும் தளர்ந்துவிட்டதால், சட்டென்று அழுத்தும்போது இன்ஜின் சாய்ந்து, வெடிப்பு திறந்து, அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. கணினிக்கு அது தெரியாது. குறைவாகவே பெட்ரோல் கொடுக்கிறது. இன்ஜின் திணறுகிறது. கணினி சுதாரித்துக்கொள்வதற்குள் லாரி வந்துவிடுகிறது. சூட்டில் ரப்பர் இளகும்போது இது அதிகம். வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்ட ஒரு குழாய்தான் தெரியும்.

"நான் தனியாப் பாத்தா இது தெரியாதுக்கா" என்றார் மெக்கானிக். "நான் உள்ள உக்காந்து மிதிச்சா வெளிய யாரு பாக்குறது? இதுக்கு ரெண்டு பேர் வேணும்."

மாமா இறங்கி வந்து அந்த வெடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் அகட்டினார், விட்டார், மூடிக்கொண்டது. மறுபடி அகட்டினார். "இவ்வளவுதானா" என்றார். சத்தம் குறைவாக இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

புதுக் குழாயும் இன்ஜினைத் தாங்கும் ரப்பரும் வரவழைத்துப் பொருத்தியபிறகு நாங்கள் அதே பிடோக் வளைவுக்குப் போனோம். மாமா ஓட்டினார். இடைவெளி வந்ததும் அழுத்தினார். வண்டி கேட்டது. பேசாமல், கமறாமல், கேட்ட அதே கணத்தில் போனது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று பார்த்த சிரிப்பை எதிர்பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்தபடி, "சரியாப் போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து மகனைக் கைப்பேசியில் அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். குழாயை, வெடிப்பை, இன்ஜின் சாய்ந்ததை எல்லாம் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில், "என் கால் இல்லப்பா. வண்டிதான்" என்றார்.

"ஓ, நல்லதுப்பா" என்றது அந்தப் பக்கம். எனக்கு நன்றாகப் பழகிய குரல். வேறு ஏதோ வேலையில் இருந்தது தெரிந்தது. "ஆனாலும் வயசாகுதில்ல? எதுக்கும் யோசிச்சுப் பாருங்க."

"சரிப்பா."

அணைத்த பிறகும் மாமா கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். நான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவப் போனேன். அவருடைய மகன் கெட்டவர் இல்லை. அதை நான் எங்கும் சொல்வேன். தூரத்திலிருந்து கவலைப்படுபவர்களுக்கு ஒரே ஒரு கவலைக்குத்தான் நேரம் இருக்கும், அதன் விவரங்களுக்கு இருக்காது.

அடுத்த ஞாயிறு எனக்குப் போக ஒரு காரணமும் இருக்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது. வீட்டின் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு, நூலகத்துக்குப் போய்ப் படிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சும்மா வருகிறேன் மாமா என்று சொல்லியிருக்கலாம். அவரும் சும்மா வாம்மா என்று சொல்லியிருக்கலாம். முறையாக இருந்த உறவென்றால் சும்மா போகலாம். எங்களுக்கு ஏதாவது பழுதாகியிருக்கவேண்டியிருந்தது. ஒருமுறை அவர் அழைத்தார். நான் வேலையில், மருந்தகத்தின் கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன்.

"வண்டி நல்லாப் போகுதும்மா" என்றார்.

"சரி மாமா. சந்தோஷம்."

"அதான். சொல்லலாம்னு."

"சரி மாமா."

வைத்துவிட்டார். கவுன்ட்டருக்கு எதிரே வரிசையில் நின்றவர் தன் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

பிறகு பெர்த்தில் அவருடைய மகனுக்குக் குழந்தை பிறந்தது. மறுமணம் ஆனதை மாமா எனக்குச் சொல்லியிருக்கவில்லை, வேறு வழியாக எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். குழந்தையைப் பார்க்கப் போகிறேன், கொஞ்ச நாள்தான் என்று அழைத்துச் சொன்னார். வண்டியை ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துப்போகும், வாரத்துக்கு ஒரு தடவை எடுக்க முடியுமா என்று கேட்டார். காப்புறுதியில் என் பெயரையும் சேர்த்திருப்பதாகச் சொன்னார். எப்போது சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டுபோனேன். பெட்டியை இறக்கிவைத்த பிறகும் சாவி என்னிடமே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் கொஞ்சம் நின்றோம். "பாத்து ஓட்டும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நாள் நீண்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. விசாவுக்கு மறுபடி ஒரு நீட்டிப்பு. ஃபேரர் பார்க் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். நான் ஞாயிறுதோறும் ரயிலில் போய், வண்டியை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நிறுத்திவிட்டு, ரயிலில் திரும்பி வந்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போன பிறகும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். "வண்டி ஓடுச்சு மாமா" என்று செய்தி அனுப்புவேன். கட்டைவிரல் படம் வரும். ஒருமுறை மட்டும் எழுத்தில் பதில் வந்தது. "நாங்க இருக்குற பக்கம் கடல் ரொம்ப தூரம்மா."

இங்கே ஒரு வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமைக்குக் காலக்கெடு உண்டு. அந்த வண்டியின் கெடு இந்த ஆண்டு முடிந்தது. புதுப்பிக்கலாமா மாமா என்று கேட்டேன். "விட்டுடும்மா. எதுக்கு" என்றார். இணையத்தில் செய்யவேண்டியதை அவருடைய மகன் செய்துகொடுத்தார். கிராஞ்சியில் பழைய வண்டிகளை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய் விடவேண்டியது மட்டும் என் வேலை.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பிற்பகலில் போனேன். விரைவுச்சாலையில் சேரும்போது காலை ஊன்றினேன். வண்டி போயிற்று. அந்த இடத்தில் இருந்தவர் சாவியை வாங்கி, ஒரு பெட்டியில் மற்றச் சாவிகளோடு போட்டுவிட்டு, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வரிசையாக நின்ற வண்டிகளில் அது எது என்று வாசலுக்கு வந்து திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்றை அதன் முன்னால் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

கிராஞ்சி நிலையத்தின் நடைமேடை உயரத்தில் இருக்கிறது. வேலை நேரம், ஆட்கள் இல்லை. நீள இருக்கையில் உட்கார்ந்து மாமாவை அழைத்தேன். பெர்த்திலும் இதே நேரம்தான். உடனே எடுத்தார். பின்னால் குழந்தை ஒன்று எதையோ தட்டும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வேறு அறைக்குப் போவது தெரிந்தது. தட்டும் சத்தம் நின்றது.

"குடுத்துட்டேன் மாமா."

"குடுத்துட்டியா." கொஞ்சம் கழித்து, "வர்றப்ப எப்படிப் போச்சு?"

"நல்லா இழுத்துச்சு மாமா. அழுத்துன உடனே போச்சு."

"போகும். நல்ல வண்டி அது." பிறகு, "நீ எப்படி வீட்டுக்குப் போவ?"

"ரயில்லதான். ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்கேன்."

"ரயில் வர்ற வரைக்கும் வைக்காதம்மா" என்றார்.

சரி என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வெயிலா என்றார். மழை வரும்போல இருக்கிறது என்றேன். அவர் மூச்சுவிடுவது கேட்டது. அவருக்கு என் பக்கம் என்ன கேட்டிருக்குமோ, காற்றாக இருக்கும்.

ரயில் வருகிறது என்ற அறிவிப்பு தலைக்கு மேலே ஒலித்தது. ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. யாரும் இறங்கவில்லை. உள்ளே குளிர்ந்த காற்றும் காலி இருக்கைகளும் இருந்தன. கதவு மூடப்போவதற்கான அந்தக் கீச்சொலி எழுந்தது. பிறகு கதவுகள் மூடின, ரயில் புறப்பட்டுப் போயிற்று.

"வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா" என்றேன்.

அந்தக் கீச்சொலி அவருக்கும் கேட்டிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து இத்தனை வருடம் இருந்தவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்காது.

"சரி, வரட்டும்" என்றார்.